பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ் புது கார்டுக்குத் தாங்குமா?

நீலவானம்:
2016-ல் வாங்கிய 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் சப்ளை) ஒன்று என்னிடம் இருக்கிறது. 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று), கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை. 5 வருட வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இத்தனை நாளும் ஐ5 6500 பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டும் இதில்தான் ஓடின, ஒரு தொல்லையும் இல்லை. இப்போது ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கார்டுக்கு மாறுகிறேன். அந்தக் கார்டுக்கு 650 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. என்னிடமும் 650-தான். இதையே மாட்டட்டுமா, புதிது வாங்கட்டுமா?

சர்க்யூட்:
தாராளமாக மாட்டுங்கள். கணக்கைப் பாருங்கள்: 7700எக்ஸ் முழு மூச்சில் ஓடினால் 142 வாட், கார்டு 220 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 போட்டாலும் 412-தான் வருகிறது. என்விடியா சொல்லும் 650-ல் எல்லாவிதமான பிராசஸருக்கும், சுமாரான சப்ளைகளுக்கும் சேர்த்தே இடம் விட்டிருக்கிறார்கள்.

சப்ளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தை மட்டும் படித்துச் சொல்லுங்கள். அதில் 54 ஆம்பியர் என்று இருந்தால் 648 வாட், அதாவது ஏறக்குறைய முழுத் திறனும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. இன்றைய பிராசஸரும் கார்டும் உறிஞ்சுவது அதிலிருந்துதான்.

தென்றல்77:
சர்க்யூட், கூட்டல் சரி. ஆனால் நீங்கள் கூட்டியது லேபிளில் அச்சிட்ட எண்ணை. அது 2016-ல் அச்சிட்டது. இன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் வயதை அந்த லேபிள் சொல்லாது.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வரும். வற்ற வற்ற மின்சாரத்தைச் சீராக்கும் வேலை கெடும். ரிப்பிள், அதாவது வோல்டேஜில் மிச்சமிருக்கும் சிற்றலை, ஏறும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் ரிப்பிள் போகக் கூடாது என்பது ஏடிஎக்ஸ் (கணினி சப்ளைகளுக்கான பொதுத் தரம்) விதி. பழைய பெட்டி அந்தக் கோட்டைத் தாண்டினாலும் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எதுவும் தெரியாது. அடி வாங்குவது மதர்போர்டிலும் கார்டிலும் இருக்கும் கெப்பாசிட்டர்கள். புது கார்டைக் காவு கொடுத்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சர்க்யூட்:
வற்றும், மறுக்கவில்லை. எவ்வளவு நாளில் வற்றும் என்பதல்லவா கேள்வி? சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது கெப்பாசிட்டருக்குப் பொதுவான கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று குறித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 65 டிகிரிதான் என்றால் நான்கு தடவை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம் ஆகிறது. தினம் 8 மணி நேரம் ஓட்டினால் 4000 நாள், கிட்டத்தட்ட 11 வருடம். நல்ல கோல்டு சப்ளைகளில் 2000-ஐ விட நீண்ட ஆயுள் கொண்டவற்றைப் போடுவதும் உண்டு.

அதுவும் நீலவானத்தின் பழைய கணினி என்ன பெரிதாக இழுத்தது? பிராசஸர் 65, கார்டு 120. எல்லாம் சேர்ந்தால்கூட 650-ல் மூன்றில் ஒரு பங்குதான். அந்தச் சப்ளை சூடேறியே இருக்காது.

தென்றல்77:
அதையேதான் நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். 'ஒரு தொல்லையும் இல்லை' என்று அவர் சொல்வது மூன்றில் ஒரு பங்கு சுமையில். 400 வாட்டை அது இதுவரை பார்த்ததே இல்லை. ஆயுளின் கடைசியில் இருக்கும்போது முதல் முறையாக இரண்டு மடங்கு சுமையை ஏற்றப் போகிறோம்.

உங்கள் கணக்கிலேயே அந்த 2000 மணி நேரம் 85 டிகிரிக்கான கெப்பாசிட்டராக இருந்தால் என்ன ஆகும்? அதே 65 டிகிரியில் 8000 மணி நேரம். மூன்று வருடம்கூட வராது. உள்ளே எது இருக்கிறது என்று கோல்டு ஸ்டிக்கர் சொல்லுமா? 80 பிளஸ் அளப்பது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான். சுமை மீறினால் தானாக அணையுமா, சூடு மீறினால் அணையுமா என்பதெல்லாம் அந்தச் சோதனையில் கிடையாது.

கார்முகில்:
இடையில் புகுகிறேன். திடீர் உச்சத்தை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்? கார்டு சராசரியாக 220 வாட் எடுக்கும், ஆனால் மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு அதைவிட மிக உயரத் தாவும். 2020-ல் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது 320 வாட் கார்டு 450-ஐத் தாண்டித் தாவியதை அளந்து காட்டினார்கள். வாட் கணக்கில் தாராளமாக இடம் இருந்த சப்ளைகளும் விளையாட்டின் நடுவில் பட்டென்று அணைந்தன. அதற்குப் பிறகுதான் 2022-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் 3.0 கொண்டுவந்தது. புது 16 பின் இணைப்பு உள்ள பெரிய சப்ளைகள் 100 மைக்ரோ செகண்டுக்குத் தங்கள் திறனில் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்றது. 2016 பெட்டிக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லை.

சர்க்யூட்:
கார்முகில், ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் அந்தத் தாவல் நன்றாகவே குறைந்துவிட்டது. 220 வாட் கார்டுக்கு 650 வாட் சப்ளையில் அதற்கு இடம் இருக்கிறது. 3080 கதையை இந்தக் கார்டின் மேல் ஏற்ற வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பழையதைத் தூக்கிப் போடு என்றதும் பலர் என்ன செய்கிறார்கள்? கார்டுக்கே பணம் தீர்ந்துவிட்டது என்று, கையில் கிடைத்த மலிவான 750 வாட் பெட்டியை மாட்டுகிறார்கள். நல்ல பழைய கோல்டை எடுத்துவிட்டுப் பெயர் தெரியாத புதியதைப் போடுவது முன்னேற்றமே இல்லை. வயதைச் சொல்லிப் பயமுறுத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தென்றல்77:
இதில் முழு சம்மதம். மட்டமான புதியதா, தரமான பழையதா என்றால் நானும் பழையதைத்தான் சொல்வேன்.

நீலவானம்:
லேபிளைப் பார்த்தேன், 12 வோல்ட் 54 ஆம்பியர்தான். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. விளையாட்டை ஓட்டிவிட்டு அளந்தால் தெரிந்துவிடுமா?

சர்க்யூட்:
கண்டிப்பாக அளந்து பாருங்கள். சும்மா தொங்கும் மோலெக்ஸ் (சப்ளையின் பழைய நாலு பின் முனை) கேபிளில் கறுப்புக்கும் 12 வோல்ட் முனைக்கும் நடுவே வையுங்கள். முழுச் சுமையில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். சுமை ஏறும்போது 12.1-ல் இருந்து 11.5-க்கு இறங்கினால், விதிக்குள்தான் என்றாலும் நானே மாற்றச் சொல்வேன். திரையில் மென்பொருள் காட்டும் வோல்டேஜை நம்ப வேண்டாம்.

தென்றல்77:
மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. ரிப்பிளைப் பார்க்க ஆஸிலோஸ்கோப், அதாவது அலையையே வரைந்து காட்டும் கருவி, வேண்டும். 12.05 என்று அழகாகக் காட்டும், அடியில் 150 மில்லிவோல்ட் அலை ஓடிக்கொண்டிருக்கும். மோசமான வோல்டேஜ் வந்தால் பெட்டி கெட்டது என்று சொல்லலாம். நல்ல வோல்டேஜ் வந்ததால் பெட்டி நல்லது என்று சொல்ல முடியாது.

டார்ச் அடித்து வலை வழியாகப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருக்கிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டை ஒட்டி மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

கார்முகில்:
கார்டுக்குப் போகும் கேபிள்கள் எத்தனை?

நீலவானம்:
ஒரே ஒரு கேபிள்தான், அதன் முனையில் இரண்டு 8 பின் தலைகள். உள்ளே பார்த்தேன், உப்பல் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் கணினியை ஆன் செய்த முதல் சில நிமிடம் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது.

கார்முகில்:
ஒரு 8 பின்னுக்கு விதிப்படி 150 வாட். அதில் 12 வோல்ட் கம்பி மூன்று, கம்பிக்கு நாலு ஆம்பியர் சொச்சம். உங்கள் கார்டு மதர்போர்டு வழியாகவும் கொஞ்சம் எடுக்கும் என்றாலும், பெரும்பங்கு அந்த ஒரே கேபிளில்தான் வரும். 220-ம் அதில் வந்தால் கம்பிக்கு 6 ஆம்பியர். உடனே உருகிவிடாது, ஆனால் பத்து வருடப் பழைய முனைகளில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

சர்க்யூட்:
ஃபேன் சத்தத்தைக் கேட்ட பிறகு என் பதில் மாறுகிறது. பேரிங் தேய்ந்துவிட்டது. சுமை கூடும் நேரத்தில் ஃபேன் நின்றால் நான் போட்ட 65 டிகிரி கணக்குக்கே அர்த்தமில்லை. வயதுக்காக மாற்றச் சொல்லவில்லை, இந்த ஃபேனுக்காகவும் ஒற்றைக் கேபிளுக்காகவும் சொல்கிறேன். இதே பெட்டி சத்தமில்லாமல், இரண்டு தனிக் கேபிளோடு இருந்திருந்தால் இன்னமும் வைத்துக்கொள்ளத்தான் சொல்லியிருப்பேன்.

தென்றல்77:
நான் அப்போதும் மாற்றத்தான் சொல்லியிருப்பேன், அது இருக்கட்டும். சோதனை விவரம் வெளியான, 10 வருட வாரண்டி உள்ள ஏடிஎக்ஸ் 3.1 ஒன்றைப் பாருங்கள். 750 வாட் தாராளம், 1000-க்குப் போக அவசியமே இல்லை.

நீலவானம்:
சரி, 750 வாட் வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று. கேபினட்டுக்குப் பின்னால் டிரைவ்களுக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிள்களை அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன். புது சப்ளையிலும் துளை அதே மாதிரிதான் தெரிகிறது. கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாமா?

சர்க்யூட்:
கூடவே கூடாது! டிரைவில் சொருகும் முனைக்குத்தான் பொது விதி உண்டு. சப்ளை பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் ஆன் செய்த அந்த நொடியே டிரைவ் போய்விடும், உள்ளே இருக்கும் ஃபைல்களும் சேர்ந்துதான்.

தென்றல்77:
சர்க்யூட் சொன்னதையே நானும் சொல்கிறேன். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் உட்பட எல்லாப் பழைய கேபிளையும் உருவிவிடுங்கள். உருவியவற்றைப் பழைய பெட்டியோடே கட்டிப் போட்டு வையுங்கள், புதியவற்றோடு கலந்துவிட வேண்டாம்.