நூலகத்தின் வெள்ளை மங்குகிறது, குவிமாடம் தெரியவில்லை: உதவி தேவை

வடலி:
வணக்கம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முகப்பை மைன்கிராப்ட் விளையாட்டில் பிக்சல் ஆர்ட்டாக (ஒரு பிளொக் ஒரு புள்ளியாக அடுக்கி வரும் படமாக) கட்டிக்கொண்டிருக்கிறேன். கணினிக்கான ஜாவா பதிப்பு, பிளொக்குகள் அளவில்லாமல் கிடைக்கும் கிரியேட்டிவ் முறை. நண்பர்களின் சேர்வரில், வருகிறவர்கள் முதலில் காணும் இடத்தில் கிழக்கு பார்த்த நிமிர்ந்த சுவர். அகலம் 128, உயரம் 90 பிளொக். கட்டம் போட்ட தாளில் வரைந்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

முழுவதும் வெள்ளை வூல் (கம்பளி) பிளொக். ஆனால் தூரத்தில் நின்று பார்த்தால் அழுக்கேறிய சாம்பல் மாதிரி இருக்கிறது. குவிமாடம் பின்னாலுள்ள முகிலோடு கரைந்துவிடுகிறது. அதன் உச்சியும் கூராக வராமல் இரண்டு பிளொக் அகலத்தில் மொட்டையாக நிற்கிறது. முன்னாலுள்ள சரஸ்வதி சிலை வெறும் புள்ளிக் கூட்டம். எங்கே திருத்துவது?

கல்லுண்டாய்:
தம்பி, மங்கலுக்குக் காரணம் திசை. பிளொக்கின் கிழக்கு, மேற்கு முகங்களை இந்த விளையாட்டு வடக்கு, தெற்கு முகங்களை விட ஒரு படி இருட்டாகவே காட்டும். வெயில் எந்தப் பக்கம் நின்றாலும் அப்படித்தான். சுவரைத் தெற்கு பார்க்கத் திருப்புங்கோ. எஃப்3 அழுத்தினால் நீங்கள் பார்க்கும் திசை திரையில் வரும்.

உச்சி மொட்டையாவது இரட்டைப்படை அகலத்தால். 128க்கு நடு பிளொக் கிடையாது. 127 ஆக்கினால் 64ஆவது நிரல் நடு, இருபுறமும் 63. நடுவில் கோபுரமோ குவிமாடமோ உள்ள எந்தக் கட்டடத்துக்கும் ஒற்றைப்படை அகலம்தான் சரி.

வடலி:
நன்றி அண்ணை. ஆனால் முழுச் சுவரையும் உடைத்துக் கட்ட வேண்டுமா?

கல்லுண்டாய்:
தேவையில்லை. கட்டியதைச் சேமித்து வேறிடத்தில் ஏற்றும் ஸ்ட்ரக்சர் பிளொக் எடுங்கோ. சேர்வரில் ஓப் (நிர்வாகி) உரிமை வேண்டும். ஒரு துண்டு 48க்கு 48 வரைதான் பிடிக்கும். இடப்பாதியின் 64 நிரலை மட்டும் 4 துண்டாகச் சேமித்து, 90 பாகை திருப்பி ஒருமுறை நேராக, ஒருமுறை கண்ணாடி விம்பமாக ஏற்றுங்கோ. நடு நிரல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 127 வந்துவிடும். நிழல், சிலை இரண்டையும் அதற்குப் பிறகு செய்யுங்கோ. இல்லாவிட்டால் நிழல் இரு பக்கமும் விழும்.

மணற்காடு:
அப்புறம் அந்த வூலை மாற்றுங்கள். வூல் தீப்பற்றும். யாரோ ஒருவர் லாவா ஊற்றினால் போதும். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட நூலகம் இது. விளையாட்டில்கூட எரியக்கூடிய பொருளில் அதைக் கட்ட எனக்கு மனம் வராது.

எரியாத வெள்ளைகளே போதும். பிரகாசத்திலிருந்து நிழலுக்கு இந்த வரிசை: ஸ்னோ (பனி) பிளொக், வெள்ளைக் கொங்கிறீற், டயோரைட் (வெளிர்சாம்பல் கல்), கிளே (களிமண்) பிளொக். கிளேயில் மெல்லிய நீலம் இருப்பதால் வெயில் நேரத்து வெள்ளைச் சுவரின் நிழலாகவே தெரியும். வெள்ளை டெரகோட்டா (சுட்ட களிமண்) வேண்டாம், அதில் இளஞ்சிவப்பு ஏறிவிடும்.

வெள்ளைக் கட்டடத்தை வெள்ளையால் வரைய முடியாது, நிழலால்தான் வரைய வேண்டும். ஒளி இடமிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். குவிமாடத்தின் இட ஓரத்தில் ஸ்னோ, நடுவில் கொங்கிறீற், வலப்புறம் டயோரைட், கடைசி ஓரம் கிளே. எல்லைகளை நேர்கோடாக விடாமல் பிளொக்குகளை மாற்றி மாற்றி வைத்தால் வளைவு தெரியும். கறுப்புக் கோடு போட்டுச் சுற்றாதீர்கள், கட்டடம் கார்ட்டூன் ஆகிவிடும்.

பின்னணிக்கு இளநீலக் கொங்கிறீற்றில் தனிச் சுவர் எழுப்புங்கள். ஓரிடத்தை ஒரே வகைப் பிளொக்கால் நிரப்பும் ஃபில் கட்டளை ஒரே தடவையில் 32,768 பிளொக் வரை நிரப்பும். 127 பெருக்கல் 90 என்றால் 11,430தான்.

சிலையை இந்த அளவில் சுவரில் வைக்க முயல வேண்டாம். வீணையும் முகமும் வர இடமே இல்லை. சுவருக்கு முன்னால் முப்பரிமாணச் சிலையாகத் தனியே கட்டுங்கள்.

வடலி:
திருப்பி ஏற்றிவிட்டேன், வெள்ளை தெளிந்துவிட்டது! கிளே வைத்ததும் குவிமாடம் உருண்டு நிற்கிறது. வூல் முழுவதையும் மாற்றுகிறேன். யன்னல்களுக்குக் கறுப்புக் கொங்கிறீற் வைக்கலாமா?

மணற்காடு:
கறுப்பு வைத்தால் யன்னல் ஓட்டையாகத் தெரியும். சாம்பல் கொங்கிறீற் வையுங்கள், மேல் வரிசைக்கு மட்டும் கறுப்பு. வூலை மாற்ற ஃபில் கட்டளையில் ரிப்ளேஸ் சேர்த்தால் ஒரே வரியில் முடியும்.