வால்வு மாற்றிய பின் இதயத்துடிப்பில் தடை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

78 வயதான அப்பாவுக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வை மாற்றி இன்று ஐந்தாம் நாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்த இடம் ஊதா மங்கி மஞ்சளாகிறது; அதில் எனக்குக் கவலையில்லை. பயமெல்லாம் ஈசிஜியில்தான். துடிப்புக்கான மின்பாதை வால்வை ஒட்டியே ஓடுகிறது. புது வால்வின் உலோகச் சட்டம் அழுத்தியதில் அந்த மின்பாதையின் இடது கிளையில் தடை ஏற்பட்டிருக்கிறதாம். அது மின்பாதை முழுவதுக்குமான தடையாக மாறினால் நிரந்தர பேஸ்மேக்கர் என்கிறார் மருத்துவர். வால்வு ஓரத்தில் லேசான கசிவும் உண்டு. அதற்கு எக்கோ பார்த்துவந்தால் போதுமாம்.

இரவில் மானிட்டர் ஒலித்தால் அப்பா தூங்குகிறார், நான்தான் எழுந்து உட்காருகிறேன்.

இப்படிப்பட்ட தடை தானாகச் சரியானவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? எத்தனை நாள் கண்காணித்தார்கள்? வீட்டுக்கு அனுப்பும்போது துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும், உடலில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி பொருத்தினார்களா? நாளைக் காலை மருத்துவரிடம் நான் கேட்க வேண்டியது வேறு ஏதேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.