யாழினியின் ஐந்து நிமிடப் பேச்சு

குழு: நம்ம வீடு
புதன்கிழமை

யாழினி, மாலை 7:05
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பள்ளியில் மகளிர் தினத்துக்காகப் பேசுகிறேன். தலைப்பு ‘இருபதாம் நூற்றாண்டின் சாதனைப் பெண்கள்’. ஐந்து நிமிடம்தான். பத்துப் பேரை எழுதி வைத்திருக்கிறேன். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, முதல் பெண் பொறியாளர் லலிதா, இப்படி வரிசையாகப் போகிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

மாமா, 7:09
அருமை யாழினி. சத்தமாகப் பேசு. மைக்கைப் பார்த்துப் பயப்படாதே.

பெரியம்மா, 7:16
யாழினி, முதல் வரியிலேயே ஒரு தவறு இருக்கிறது, அதை முதலில் மாற்று. முத்துலட்சுமி ரெட்டி இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இல்லை. வங்காளத்தில் காதம்பினி கங்குலியும், அமெரிக்கா போய்ப் படித்த ஆனந்திபாய் ஜோஷியும் 1886லேயே மருத்துவம் முடித்துவிட்டார்கள். முத்துலட்சுமி பிறந்ததே அந்த 1886 ஜூலையில்தான், புதுக்கோட்டையில். நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875லேயே பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

யாழினி, 7:18
ஐயோ! எல்லா இடத்திலும் அப்படித்தானே போட்டிருக்கிறது பெரியம்மா?

பெரியம்மா, 7:24
ஆமாம், ஒருவரைப் பார்த்து ஒருவர் போடுகிறார்கள். முப்பது வருடம் வகுப்பில் நின்று வரலாறு சொல்லிக் கொடுத்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். ‘முதல் பெண்’ என்பதை மட்டும் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தது எது, அதைச் சொல். பத்துப் பேர் வேண்டாம், மூன்று நான்கு பேர் போதும்.

கார்த்தி அண்ணா, 7:27
அம்மா ஆரம்பித்துவிட்டார்கள். யாழினி, நோட்டு எடுத்து வைத்துக்கொள். நானும் படிக்கிறேன்.

பெரியம்மா, 7:38
முத்துலட்சுமியின் அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அதுவரை பையன்கள்தான் படித்தார்கள். இந்தப் பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. பெண் என்பது ஒரு காரணம், அம்மாவின் குலம் இன்னொரு காரணம். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் சேர்க்கச் சொன்னார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம்.
1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொள்ளும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தார். நம் அம்மாவின் அம்மா பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயம் இது! எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கும்.

சித்தி, 7:41
அக்கா, அவர் சட்டசபையில் இருந்ததையும் சொல்லுங்கள்.

பெரியம்மா, 7:46
வருகிறேன் சுதா. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1921இல். அதுவும் சொத்து, வரி என்று தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். சட்டமன்றத்துக்குள் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. அப்படி உள்ளே போன முதல் பெண் இவர். போனவுடனேயே துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 1930இல் காந்தியைக் கைது செய்தபோது பதவியை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மாமா, 7:49
தேவதாசி முறையை ஒழித்தவரும் அவர்தானே அக்கா? இதை முக்கியமாகச் சொல்லு யாழினி.

பெரியம்மா, 8:02
சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து தொடங்கி வைத்தவர் அவர். முழுச் சட்டம் வந்தது 1947இல். இடையில் பதினேழு பதினெட்டு வருடம் போயிருக்கிறது.
ஆனால் தம்பி, இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதே. அந்த மசோதாவை எதிர்த்தவர்களில் தேவதாசிகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சொத்துரிமை இருந்தது, படிப்பு இருந்தது, பாட்டும் பரதமும் இருந்தன. எங்கள் எல்லோரையும் ஒரே பெயர் சொல்லி இழிவாக்காதீர்கள் என்று அரசாங்கத்துக்கு மனு போட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள்.
திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் அவர்தான், சொந்தச் சம்பாத்தியத்தில். அவர் கட்டிய இடத்திலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தது! அவர் விடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கோஷ்டிகள் ஒன்றாகி, பெண்களும் பாட வந்தார்கள். இன்றைக்கு தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள் இல்லையா, அதற்கு அவர்தான் காரணம்.

யாழினி, 8:06
அப்படியென்றால் யார் சரி பெரியம்மா? முத்துலட்சுமியா, நாகரத்தினம்மாளா?

பெரியம்மா, 8:15
நல்ல கேள்வி கேட்டாய் கண்ணு. சின்னப் பெண் குழந்தைக்குப் பொட்டுக் கட்டி, கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, அவள் வாழ்க்கையை மற்றவர்கள் தீர்மானிப்பதை முத்துலட்சுமி நிறுத்த நினைத்தார். அதில் அவர் பக்கம்தான் நான், சந்தேகமே இல்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தக் குலத்திலிருந்தே வெளியே வந்து அதைத்தான் சொன்னார். 1936இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். ஆனால் கலைக்காகவே வாழ்ந்த பெண்களின் மானத்தை நாகரத்தினம்மாள் காப்பாற்றப் பார்த்தார், அதையும் தவறு என்று சொல்ல என் நாக்கு வராது. இரண்டு பேருமே தைரியசாலிகள், இரண்டு பேருமே ஒரே காலத்துப் பெண்கள். மேடையில் இரண்டு பேரையும் சொல். ஒருவரை மறைத்து இன்னொருவரைத் தூக்காதே.

மாமா, 8:18
மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில்தானே புதுமைப் பெண் திட்டம்? மாதம் 1000 ரூபாய் வருகிறதே.

பெரியம்மா, 8:20
அதேதான். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தவர். அப்போது வயது ஐம்பத்தைந்து. அந்த ஆயிரம் ரூபாயில் கல்லூரிக்குப் போகும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்தி அண்ணா, 8:26
யாழினி, லலிதாவைப் பற்றி நான் சொல்கிறேன். நான் படித்த கிண்டி பொறியியல் கல்லூரி. பதினைந்து வயதில் கல்யாணம். 1937இல் பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதம் இருக்கும்போது கணவர் இறந்துவிட்டார். அப்போது இவருக்குப் பதினெட்டு வயது.
அப்பா பப்பு சுப்பாராவ் அங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் பேசி அனுமதி வாங்கி 1940இல் சேர்த்தார். கல்லூரி முழுக்க ஆண்கள், இவர் ஒருவர் மட்டும் பெண். தனியாக இருக்க வேண்டாம் என்று இன்னும் பெண்களைச் சேர்க்கச் சொன்னார் அப்பா. லீலாம்மா ஜார்ஜ், தெரேசியா என்று இரண்டு பேர் சிவில் பிரிவில் வந்தார்கள். மூன்று பேரும் பட்டம் பெற்றார்கள். தெரேசியா பின்னால் கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளரே ஆனார்.

கார்த்தி அண்ணா, 8:29
முக்கியமான விஷயம் இது. லலிதாவின் பட்டச் சான்றிதழில் ‘ஹீ’ என்றுதான் அச்சடித்திருந்தார்கள். பெண் ஒருத்தி வாங்குவாள் என்று அச்சுக்கூடத்தில் யாரும் நினைக்கவில்லை. அதை மையால் அடித்துவிட்டு ‘ஷீ’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

யாழினி, 8:30
அண்ணா!!! பேச்சை இதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

பெரியம்மா, 8:33
இதைத்தான் சொன்னேன். பூட்டு எது என்று அந்தத் தாளிலேயே தெரிகிறது பார். அவர் பின்னால் கல்கத்தாவில் வேலை பார்த்தார், பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் இருந்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள் மாநாட்டுக்கும் போனார். குழந்தையோடு நின்ற விதவைப் பெண், அந்தக் காலத்தில்!

சித்தி, 8:37
விதவை என்றதும் சகோதரி சுப்புலட்சுமி நினைவுக்கு வருகிறார். பதினொரு வயதில் கணவரை இழந்தவர். 1911இல் பட்டம் வாங்கினார். கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளை வைத்துப் படிக்க வைத்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமித்த கட்டடம்.

மாமா, 8:39
இப்போது விவேகானந்தர் இல்லம். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், இது தெரியவே தெரியாது.

அம்மா, 8:44
புற்றுநோய் மருத்துவமனையைச் சொல்லாமல் விட்டுவிடாதே யாழினி. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை மனதிலேயே வைத்திருந்து, 1952இல் அடையாறில் அடிக்கல் நாட்ட வைத்தார், நேரு வந்தார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தார்கள். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார். 2021இல் இறக்கும் வரை அந்த மருத்துவமனைதான் அவர் வாழ்க்கை. நம் ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்கு அங்கேதான் பார்த்தோம். பணம் இருக்கிறதா என்று பார்த்து அவர்கள் முகம் மாறியதே இல்லை.

யாழினி, 8:46
இது எனக்குத் தெரியாதே அம்மா. எழுதிக்கொள்கிறேன்.

சித்தி, 8:58
பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே தட்டுகிறேன்:
“வை.மு.கோதைநாயகியை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? ஐந்தரை வயதில் கல்யாணம். எழுதத் தெரியாமல், சிநேகிதி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அப்புறம் அவளிடமே எழுதப் படித்துக்கொண்டாள். ஜகன்மோகினி என்று பத்திரிகை நடத்தினாள், 115 நாவல் எழுதினாள், சிறைக்கும் போனாள். என் அம்மா அந்த ஜகன்மோகினியை நூல் போட்டுத் தைத்து, தகரப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருப்பாள். சாப்பாடு ஆனதும் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். தெருப் பெண்கள் நாலு பேர் வந்து கேட்பார்கள். கதாநாயகி அழுதால் இவர்களும் அழுவார்கள்.”

பெரியம்மா, 9:01
அம்மா, இத்தனை வருடத்தில் இதை என்னிடம் நீ சொன்னதே இல்லையே!

சித்தி, 9:03
“நீ கேட்டதே இல்லையே” என்கிறார்.

யாழினி, 9:07
பாட்டி, கொள்ளுப்பாட்டி திண்ணையில் படித்ததை நான் மேடையில் சொல்லலாமா? லலிதாவின் சான்றிதழில் ஆரம்பித்து, முத்துலட்சுமி, நாகரத்தினம்மாள், அப்புறம் இது. மற்ற பெயர்களை எடுத்துவிடுகிறேன். நான்கு பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்று சொல்லட்டுமா?

சித்தி, 9:12
பாட்டி யோசித்துச் சொல்கிறார்: “நாலு இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இரண்டு பேர் திண்ணையில் ஏற மாட்டார்கள், ஏற விடமாட்டார்கள், கீழே தெருவில் நின்றே கேட்பார்கள். அவர்களுக்காக அம்மா இன்னும் சத்தமாகப் படிப்பாள். அவர்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்.”

யாழினி, 9:13
சேர்த்துச் சொல்கிறேன் பாட்டி.