கொப்பியின் வலது பக்கம்

நாட்குறிப்பு எழுதி என்ன கண்டீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நான் கொழும்பு, வெள்ளவத்தை. புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், பதினொரு வருடமாக. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் எழுதத் தொடங்கினேன். போனில் சார்ஜ் இல்லை, காற்றாடி சுற்றாது, உள்ளறையில் அப்பா வியர்வையில் புரண்டுகொண்டிருப்பார். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டிருந்த நேரம் அது. புதுக் கொப்பி வாங்க மனம் வரவில்லை. அக்காவின் மகன் பாதியில் விட்ட, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று கிடந்தது. முன்பக்கத்தில் அவனுடைய விஞ்ஞானக் குறிப்பு, செவ்வரத்தம் பூவை நெடுக்காக வெட்டி வரைந்த படம். நான் பின்பக்கத்திலிருந்து எழுதினேன், மெழுகுதிரி வெளிச்சத்தில்.

எழுதியதெல்லாம் அண்ணாவைப் பற்றித்தான். அவர் கனடாவில் இருக்கிறார். அப்பாவை யார் பார்ப்பது, யாழ்ப்பாணத்து வீட்டை விற்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு ஏப்ரலில் பெரிய சண்டையாகி, போன் எடுப்பதே நின்றுபோனது. ஒவ்வொரு இரவும் அதே கேள்வி. ஏன் இப்படிச் செய்தார், ஏன் எல்லாம் என் தலையில், ஏன் நான் மட்டும். எழுதினால் நெஞ்சு இலேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. எழுத எழுதக் கோபம் ஏறும், அதோடுதான் படுப்பேன்.

ஜூலையில் பெட்ரோல் இல்லாமல் ஊரே முடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். அண்ணா சொன்னார். அண்ணா கேட்கவில்லை. அண்ணா போனை வைத்துவிட்டார். நாலு மாதத்துப் பக்கங்களில் நான் என்ன சொன்னேன் என்று ஒரு வரிகூட இல்லை.

கணக்கு எழுதுகிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு நாளேட்டில் ஒன்றை வரவு வைத்தால் எதிரே செலவு வைத்தாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பதிந்தால் பரீட்சை மீதி, அதாவது இரண்டு பக்கக் கூட்டுத்தொகை, பொருந்தாது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கீடு படிக்கிற பிள்ளைக்கே தெரிந்த விஷயம். கடையில் ஒரு சதம் பிசகினாலும் இரவிரவாகத் தேடுகிற நான், வீட்டில் நாலு மாதம் ஒற்றைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் அண்ணா பேசியது, வலது பக்கம் நான் பேசியது. கடைசியாகப் பேசிய நாளை எடுத்து, யார் சரி யார் பிழை என்று எதுவும் சேர்க்காமல், ஞாபகம் வந்ததை வந்தபடி எழுதினேன்.

இடது பக்கம்: ‘நீ எப்பிடி இருக்கிறாய்?’
வலது பக்கம்: ‘அப்பாவின்ர பிரஷர் குளிசை முடிஞ்சுது. மூண்டு பார்மசி ஏறி இறங்கியாச்சு.’
இடது பக்கம்: ‘அது சரி, நீ நித்திரை கொள்ளுறியோ?’
வலது பக்கம்: ‘காசு அனுப்பினாப் போதும் எண்டு நினைக்கிறீங்களோ?’
இடது பக்கம்: ‘நான் உன்னைத்தான் பிள்ளை கேக்கிறன்.’

அதற்கு எதிரே வலது பக்கத்தில் எழுத என்னிடம் பேச்சு இல்லை. அந்த இடத்தில் போனை வைத்தது நான். ‘அண்ணா போனை வைத்துவிட்டார்’ என்று ஏப்ரல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதியதில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதனால் அண்ணா செய்ததெல்லாம் சரியாகிவிடாது. குளிசைக்கு அலைந்தது நான்தான், இரவில் அப்பாவைத் தூக்கி இருத்துகிறதும் நான்தான். அதையும் எழுதினேன். ஆனால் அடுத்த ஞாயிறு நானே போன் எடுத்தேன். ‘எனக்கு நித்திரை வாறதில்லை அண்ணா’ என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இப்போது தினமும் எழுதுவதில்லை. யாருடனாவது முட்டிக்கொண்ட நாளில் மட்டும், அன்றைக்கே எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் போனால் ஞாபகம் நம் பக்கம் சாய்ந்துவிடும். மாதக் கடைசியில் ஒருமுறை வாசிக்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் திருப்பி வாசிப்பதில்லை. எனக்கு வாசித்தபோதுதான் விளங்கியது.

*

மாளிகாவத்தையிலிருந்து ஒரு தம்பி:

நான் படித்தது ஆங்கில மீடியம். மூன்று வருடம் போனில் ஆங்கிலத்தில்தான் எழுதி வைத்தேன். திருப்பிப் பார்த்தால் எல்லாம் நல்ல மரியாதையான வசனங்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதியது போல. வாப்பாவோடு நடந்த ஒரு சண்டையை ‘கருத்து வேறுபாடு’ என்று ஆங்கிலத்தில் முடித்திருந்தேன். வாப்பா சொன்னது ‘நீ படுக்க மட்டும்தான் ஊட்டுக்கு வாற’. அதைத் தமிழில் அப்படியே எழுதிய அன்று அழுகை வந்துவிட்டது. உண்மையும் அதுதான், அந்த மாதம் முழுக்க பதினொரு மணிக்கு முன் நான் வீடு போனதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார் என்று வாசித்திருக்கிறேன். பிறர் மொழிகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். அவருக்கும் இரவில் தன் மொழி வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா:

எல்லோருக்கும் எழுது எழுது என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. என்னவர் தவறிய மூன்றாம் கிழமையே யாரோ சொல்லி எழுதத் தொடங்கினேன். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த அந்த இரவைத் திரும்பத் திரும்ப எழுதிச் சாப்பாடும் இறங்காமல் போனது. பிறகுதான் விவரம் தெரிந்தது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சான்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் மட்டும் எழுத வைத்தார்கள். மனதைத் திறந்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் வைத்திய நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்குத் துக்கம் கூடித்தான் இருந்தது. தாங்க முடியாது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுது என்றும் பென்னிபேக்கர் சொல்கிறார். நான் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசினேன், தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி அது. எழுத்துக்கு ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பினேன். முதலில் எழுதியது அவர் மீன் வாங்கும் விதத்தைப் பற்றி. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்கமாட்டார்.

*

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து நான்:

கொட்டாஞ்சேனை அக்கா, நீங்கள் சொன்னது நான் சொல்லியிருக்க வேண்டியது. நாலு மாதம் எழுதி எழுதிக் கோபத்தை வளர்த்தவள் நானும்தான். எனக்கு அது கோபம், உங்களுக்கு இழப்பு. இரண்டும் ஒன்றல்ல.

அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பேச்சு இன்னும் முடியவில்லை, இந்த முறை நேரிலேயே வரும். இது எனக்கு மூன்றாவது கொப்பி. மருமகன் தன்னுடைய பூப் படத்தைக் கேட்டான், அந்த ஒரு தாளை மட்டும் கவனமாக வெட்டிக் கொடுத்தேன்.