ஆற்றல் அழியாது, சரி. அப்பாவின் உணர்வு எங்கே போகும்?

வேப்பமரநிழல்:
அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா சொன்னார், "ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாதுன்னு நீ படிச்ச புத்தகத்துலயே இருக்கு, உணர்வும் ஒரு ஆற்றல்தான், அப்போ அண்ணன் எங்கேயும் போகலை" என்று. அதைக் கேட்டு அம்மா அழுகையை நிறுத்தினார், அதனால் நான் எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து இது மனசைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கடைசி நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்திருந்தது நான்தான். மூச்சு நின்ற பிறகும் உள்ளங்கை வெதுவெதுப்பாகவே இருந்தது, ஃப்ரீசர் பெட்டி வந்து சேர்வதற்குள் விரல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டது. அந்தச் சூடுதான் அப்பாவா? சூடு போன இடத்துக்கே அவரும் போனாரா? ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம், தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

நெம்புகோல்:
படிக்கும்போதே மனசு கனத்தது. நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன், இதே கேள்வியைப் பிள்ளைகளும் கேட்பார்கள்.

ஆற்றல் என்பது உடம்புக்குள் ஓடும் ஏதோ ஒரு நுண்பொருள் இல்லை, அது ஒரு அளவு, ஒரு கணக்கு. 1840களில் ஜூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஓர் எடையைக் கீழே இறங்கவிட்டு, அதன் இழுப்பில் தண்ணீருக்குள் துடுப்பைச் சுற்றவைத்தார். எடை இறங்கிய அளவுக்கு ஏற்பத் தண்ணீர் சூடானது. ஓரிடத்தில் குறைந்தது இன்னோரிடத்தில் அதே அளவு கூடும், அந்த விதி சொல்வது இவ்வளவுதான். எந்த வடிவம் நிலைத்து நிற்கும் என்று அது சொல்வதே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து நொடிக்கு 80 முதல் 100 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு, அவர் பெயரில்தான்) வரை வெப்பம் வெளியேறுகிறது, அதில் மூளையின் பங்கு மட்டும் சுமார் 20. எல்லாம் சாப்பாட்டிலிருந்து வருவது. ஆக உங்கள் அப்பா உயிரோடு இருந்த ஒவ்வொரு நாளும் ஆற்றல் அவருக்குள் வந்து வெளியே போய்க்கொண்டேதான் இருந்தது, அத்தனையும் போன பிறகும் அவர் அவராகவே இருந்தார். அந்தக் கைச்சூட்டில் ஒரு பகுதி உங்கள் கைக்கே வந்திருக்கும், மீதி அந்த அறையில் பரவியிருக்கும். அது அழியவில்லை என்பது உண்மை. அது அப்பாவின் உணர்வு இல்லை என்பதும் உண்மை.

இரவுப்பணி:
நான் அறுவை அரங்கில் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். புரொபோஃபால் என்ற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதை ஏற்றும்போது நோயாளியிடம் ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுப்போம். "பெரியவன் வந்து..." என்று ஆரம்பித்தவர் குரல் பாதியில் அறுந்துவிடும். இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மூளையும் குறைந்த அளவிலாவது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டிருந்த ஆள் மட்டும் அங்கே இல்லை. கண் விழித்ததும் பலர் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்று. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது சிறுமூளையில். அது இல்லாமலே பிறந்தவர்கள் உண்டு, நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆனால் உணர்வு இருக்கிறது. எத்தனை நரம்பணுக்கள், எவ்வளவு ஆற்றல் என்பதைவிட எது எதோடு எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாசிமினி என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திருப்பவர் மூளையில் அதன் அதிர்வு பல இடங்களுக்குப் பரவி மாறி மாறி எழுந்தது, கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்திலோ தட்டிய இடத்திலேயே எழுந்து அங்கேயே அடங்கிவிட்டது.

திண்ணைப்பள்ளி:
சித்தப்பா சொன்னதை சைவ சித்தாந்தமும் ஒத்துக்கொள்ளாது. அங்கே உடம்பு, மனம், புத்தி எல்லாமே மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வந்த, தானாக அறிவில்லாத சடக் கருவிகள், அறிவது உயிர். அந்த உயிரும் கருவி இல்லாமல் தானாக எதையும் அறியாது. நனவில் நெற்றியில் நின்று, கனவில் கழுத்துக்கும் உறக்கத்தில் இதயத்துக்கும் இறங்கி, கருவிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகும் என்று அவத்தைகளை, அதாவது உயிரின் நிலைகளை, வகுத்திருக்கிறார்கள். உயிர் அழியாது என்று அவர்கள் சொல்வது இந்த வழியில், ஜூலின் தண்ணீர்ச் சூட்டை வைத்து இல்லை. அம்மாவுக்கு அந்த நம்பிக்கை இருந்தால் இருக்கட்டும், அதற்கு இயற்பியலை முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

நெம்புகோல்:
ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நரம்பணுக்கள் இப்படிப் பேசிக்கொண்டால் ஏன் "நான் இருக்கிறேன்" என்று உள்ளே தோன்ற வேண்டும் என்பதற்கு இன்னும் விடை இல்லை. டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1990களில் இதைக் கடினமான சிக்கல் என்றே பெயரிட்டார். ஆற்றல் என்று சொல்லி அதை மூடிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வேப்பமரநிழல்:
எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் வாதம் பண்ணப் போவதில்லை. இரவுப்பணி எழுதிய அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவும் கடைசியாக "மோட்டாரை..." என்றார், முடிக்கவில்லை. போடச் சொன்னாரா, நிறுத்தச் சொன்னாரா தெரியவில்லை. அம்மா தினமும் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறார்.