துருவ மண் பற்றீரியாக்கள் பற்றிப் பேச ஒருவர் தேவை

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குத் துருவ மண் பற்றீரியாக்கள் பற்றி ஒரு வகுப்பு வைக்கிறேன். அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ உலர் பள்ளத்தாக்கு மண்ணில் உயிரே இல்லை என்றுதான் ஒரு காலத்தில் எண்ணினார்கள். மண்ணிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்துப் பார்த்த பிறகுதான் அக்டினோபற்றீரியா, அசிடோபற்றீரியா என்று பெருங்கூட்டமே தெரியவந்தது. கிழக்கு அந்தாட்டிக்காவில் சில பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஐதரசன், காபனோரொட்சைட்டிலிருந்தே சக்தி பெறுகின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இது பேரதிசயம்!

சரி, உதவி தேவைப்படுவது ஆர்க்டிக் பகுதிக்கு. அங்கே குளிரைவிட மண்ணின் பி.எச். அளவுதான் (அமில, காரத் தன்மையின் அளவு) பற்றீரியாப் பல்வகைமையை அதிகம் தீர்மானிக்கிறது. இதைத் தரவோடு பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நோர்வேயில், குறிப்பாக ஆர்க்டிக் பகுதியிலுள்ள துரொம்சோ நகரப் பக்கம், நுண்ணுயிரியல் படிக்கும் நம்மவர் யாரும் இருக்கிறீர்களா? சூமில் ஒரு மணி நேரம் தமிழில் பேசினால் போதும். எங்களுக்கு மாலை நேரம் வசதி. தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.