புதுப்பிப்பு: பச்சை ஷார்ட்ரூஸ் கஷாயம் மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தேனே, வழி கிடைச்சாச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. புதுசா வர்றவங்களுக்கு: ஷார்ட்ரூஸ்ங்கிறது பிரான்ஸ்ல கிறிஸ்தவத் துறவிங்க மூலிகை போட்டு செய்யுற மதுபானம். அங்க வுவாரோன் ஊருக்குப் போனப்ப பச்சை வகைல ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து, பெரிய கிளாஸ்ல அப்படியே ஊத்திக் குடிச்சு, தொண்டை எரிஞ்சு, இது இருமல் மருந்துதான்னு புலம்பியிருந்தேன். லேபிள்ல 55% ஆல்கஹால்னு போட்டிருந்ததை அப்புறம்தான் பாத்தேன், தப்பு என்னோடதுதான்.

ஒருத்தர் ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னார், வெச்சேன். உறையல, எண்ணெய் மாதிரி கெட்டியாச்சு, எரிச்சல் குறைஞ்சுது ஆனா வாசனையும் கூடவே போயிடுச்சு, அப்புறம் அந்தத் துறவிங்க 130 மூலிகை போட்டு என்ன பிரயோஜனம்.

வேலை செஞ்சது இன்னொருத்தர் சொன்னது: சின்ன கிளாஸ்ல ரெண்டு ஸ்பூன், ஒரே ஒரு ஐஸ் கட்டி, அஞ்சு நிமிஷம் தொடாம விட்டுடணும். முதல்ல இனிப்பு, பின்னாடியே புதினா, முழுங்கினப்புறம் சோம்பு மாதிரி ஒண்ணு நாக்குல ரொம்ப நேரம் நிக்குது.

எதிர்பாக்காத விஷயம், சூடான சாக்லேட்ல ஒரு மூடி ஊத்திப் பாத்தேன், ஆல்ப்ஸ்ல பனிச்சறுக்கு முடிச்சு வர்றவங்க குடிக்கிற முறையாம். கஷாயம்னு மூஞ்சி சுளிச்ச என் ரூம்மேட்டே ரெண்டாவது கப் கேட்டான்!

மஞ்சள் வகை 43%தான், இனிப்பும் கூட. முதல் தடவை வாங்குறவங்க அதுல ஆரம்பிங்க.